ஒரு ஜோடி ஷூவுக்குப் பின்னால் எத்தனை சட்டம்?

ஆம்பூரில் தைத்த ஒரு ஜோடி தோல் ஷூ ஜெர்மனியில் ஒரு கடைக்குப் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் எத்தனை கை மாறியிருக்கும்? எங்கோ ஓர் ஊரில் உரித்த தோல், உப்புப் போட்டுக் கட்டப்பட்டு, சென்னைப் பெரியமேட்டிலோ ஈரோட்டிலோ இருக்கும் வியாபாரி வழியாக வாணியம்பாடிக்கோ ராணிப்பேட்டைக்கோ வருகிறது. அங்கே டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலையில் பதனாகி, ஆம்பூரில் வெட்டித் தைக்கப்பட்டு, பெட்டிக்குள் போய், சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறுகிறது. இந்த வரிசையில் பாதிப் பேர் மீதிப் பேரின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் சரக்கு போகிறது, பணம் வருகிறது.

சொந்தக்காரர், ஊர்க்காரர், அப்பா காலத்துப் பழக்கம் என்ற நம்பிக்கையில் நடக்கும் வியாபாரம் ஓரளவுக்குத்தான் வளரும். முன்பின் தெரியாத ஒருவரை நம்பி லாரி நிறையச் சரக்கு ஏற்ற வேண்டுமென்றால், ‘இவர் கைவிரித்துவிட்டால் என்ன செய்வது?’ என்ற கேள்விக்கு ஒரு பதில் கையில் இருக்க வேண்டும். தொழிலில் சட்டத்தின் முதல் வேலை அந்தப் பதிலைக் கொடுப்பது. இன்னொரு வேலையும் உண்டு. விற்பவரும் வாங்குபவரும் பேசி முடிக்கும் பேரத்தில் உட்காரவே இடம் கிடைக்காதவர்களுக்காக அது பேச வேண்டும். பாலாற்றங்கரையில் கிணறு வைத்திருக்கும் விவசாயி அந்த ஷூ பேரத்தில் எங்குமே இல்லை. ஆனால் அவர் கிணற்றுத் தண்ணீர் அந்தப் பேரத்தால்தான் கெடுகிறது.

முதல் வேலையைச் சட்டம் ஓரளவு நன்றாகவே செய்கிறது, இரண்டாவதைத் தாமதமாகவே செய்கிறது என்பது என் கருத்து. ஏன் அப்படி என்பதை, சட்டம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி, இந்த ஷூவைப் பிடித்துக்கொண்டே பார்ப்போம்.

ஃபோனில் சொன்ன ‘சரி’

தோல் வியாபாரி ஃபோனில், “ஆயிரம் தோல், இந்த விலை, புதன்கிழமை லாரி ஏத்திடறேன்” என்கிறார். டேனரிக்காரர், “சரி, அனுப்புங்க” என்கிறார். கையெழுத்து இல்லை, முத்திரைத்தாள் இல்லை, சாட்சி இல்லை. இது சட்டப்படி செல்லுமா?

செல்லும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. இன்றும் நம் வியாபாரம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. அதன் 10-வது பிரிவு கேட்பவை கொஞ்சம்தான். இரண்டு பேரும் மனதார ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், மிரட்டியோ பொய் சொல்லியோ வாங்கிய சம்மதமாக இருக்கக்கூடாது. இருவரும் மேஜராக, தெளிந்த புத்தியோடு இருக்க வேண்டும். ஒருவர் கொடுப்பதற்கு ஈடாக மற்றவர் ஏதாவது கொடுக்க வேண்டும். பேசிய காரியம் சட்டவிரோதமாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான். எழுத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எல்லாவற்றுக்கும் இல்லை. வீடு, நிலம் விற்கும்போது பத்திரமும் பதிவும் வேண்டும். தோலுக்கும் துணிக்கும் அரிசிக்கும் வேண்டாம். எழுதி வைப்பது நல்லது என்று வக்கீல்கள் சொல்வதற்குக் காரணம் வேறு: நாளைக்குச் சண்டை வந்தால் என்ன பேசினோம் என்று நிரூபிக்க வேண்டுமே. இன்றைக்கு வாட்ஸ்அப் மெசேஜ்கூட நீதிமன்றத்தில் சாட்சியமாகப் போகலாம், உரிய சான்றிதழோடு தாக்கல் செய்தால்.

அதற்காகக் கொடுத்த வாக்கெல்லாம் ஒப்பந்தம் ஆகிவிடாது. 1919-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு பிரபலமான வழக்கு இருக்கிறது. பால்ஃபர் என்பவர் இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் பெரிய அதிகாரி. உடல்நிலை காரணமாக இங்கிலாந்திலேயே தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுன் அனுப்புவதாகச் சொன்னார். பிறகு உறவு கசந்தது, மனைவி வழக்குப் போட்டார். கணவன் மனைவி வீட்டுக்குள் பேசிக்கொள்வதை ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ள முடியாது, நீதிமன்றத்துக்குப் போகும் எண்ணத்தோடு அவர்கள் அதைப் பேசவில்லை என்று தீர்ப்பு வந்தது. அந்த அம்மாவின் நிலையிலிருந்து பார்த்தால் கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் எங்கே நுழையும், எங்கே வாசலிலேயே நின்றுவிடும் என்பதற்கு இன்றும் இந்த வழக்கைத்தான் வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சரி, லாரிக்கு வருவோம். புதன்கிழமை ஏற்றிய சரக்கு வழியில் வண்டி பழுதாகி மூன்று நாள் வெயிலில் நிற்கிறது. தோல் கெட்டுப்போகிறது. நஷ்டம் யாருக்கு? ஃபோனில் இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கேதான் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் உதவிக்கு வருகிறது. வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை, சரக்கின் உரிமை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே நஷ்டம் என்கிறது அதன் 26-வது பிரிவு. உரிமை எப்போது கைமாறியது என்பதைக் கண்டுபிடிக்கவும் அதிலேயே விதிகள் இருக்கின்றன.

தொழில் சட்டங்களில் பெரும் பகுதி இப்படிப்பட்டதுதான். சட்டம் என்றால் ‘இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே’ என்ற தடைகளின் பட்டியல் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம், பேசாமல் விட்ட இடத்தை மட்டும் நான் நிரப்புகிறேன் என்று சொல்லும் பிரிவுகள்தான் இந்த இரண்டு சட்டங்களிலும் ஏராளம். ஒவ்வொரு லோடுக்கும் ஐம்பது பக்க ஒப்பந்தம் எழுதாமல் நாம் தப்பிப்பது இதனால்தான்.

சில இடங்களில் மட்டும், நீங்கள் கையெழுத்தே போட்டிருந்தாலும் செல்லாது என்று சட்டம் சொல்லிவிடும். வேலைக்குச் சேரும்போது, ‘இங்கிருந்து விலகினால் இரண்டு வருடத்துக்குப் போட்டிக் கம்பெனியில் சேர மாட்டேன்’ என்று எழுதி வாங்குவார்கள் இல்லையா? ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, ஒருவரைத் தொழிலே செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வேலையை விட்ட பிறகு இந்த நிபந்தனையைக் காட்டி ஒருவரை வீட்டில் உட்கார வைக்க இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக ஒத்துக்கொள்வதில்லை. கம்பெனியின் ரகசியங்களை எடுத்துப்போகக்கூடாது என்பது வேறு விஷயம். அது செல்லும்.

செக் எப்படிக் கடனைத் தாங்குகிறது

தோல் தொழிலில் யாரும் கைமேல் காசு கொடுப்பதில்லை. அறுபது நாள், தொண்ணூறு நாள் கடன் சாதாரணம். அந்தக் கடனுக்குப் பிடிமானம், பின்தேதி போட்ட செக். அந்தத் துண்டுக் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஒருவர் எப்படிச் சரக்கை விடுகிறார்?

இதைப் புரிந்துகொள்ள சிவில், கிரிமினல் வேறுபாடு தெரிய வேண்டும். நான் உங்களுக்குப் பணம் தர வேண்டும், தரவில்லை. இது சிவில் விவகாரம். நீங்கள் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்ற இன்னொரு மனுப் போட்டுப் பணத்தை மீட்க வேண்டும். கையில் பணம் இல்லை என்பதற்காக மட்டும் என்னை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. நான் உங்களை ஏமாற்றும் எண்ணத்தோடு பொய் சொல்லிப் பணம் பிடுங்கினால் அது கிரிமினல். அரசே வழக்கு நடத்தும், தண்டனை உண்டு. கடனைத் திருப்பித் தர முடியாமல் போவது மட்டும் குற்றம் ஆகாது. ஆகவும் கூடாது.

செக்கும் ரொம்ப நாள் சிவில் பக்கத்தில்தான் இருந்தது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1988-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். 1989 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் நுழைந்த 138-வது பிரிவுதான் இன்று வியாபாரிகள் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே சட்டப் பிரிவு. கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் செக் திரும்பிய உடனே குற்றம் நடந்துவிட்டதாக ஆகாது. பலருக்கு இது தெரிவதில்லை. முதலில் செக்கை அதன் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும். திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பிறகு செக் கொடுத்தவருக்கு 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கே இல்லை. கட்டாவிட்டால்தான் குற்றம் முழுமையாகிறது, அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். மேலும், அந்தச் செக் ஒரு கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று 139-வது பிரிவு முதலிலேயே அனுமானித்துக்கொள்கிறது. ‘சும்மா செக்யூரிட்டிக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்’ என்றால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு கொடுத்தவர் மேல் விழுகிறது. வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் எவ்வளவு சகஜம் என்பதை நினைத்தால் இந்தப் பிரிவு கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

இங்கே சட்டம் செய்திருக்கும் காரியத்தைக் கவனியுங்கள். பணம் கைக்கு வர வேண்டும் என்ற சிவில் நோக்கத்துக்காக ஜெயில் என்ற கிரிமினல் ஆயுதத்தைக் கையில் எடுத்திருக்கிறது. 2021-ல் ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே இதைக் கிரிமினல் ஓநாயின் தோலைப் போர்த்திய சிவில் ஆடு என்று வர்ணித்தது. ஆயுதம் வேலை செய்ததா? பாதிதான். செக்குக்கு மரியாதை கூடியது உண்மை. ஆனால் எல்லோரும் அதையே நம்பி ஓடியதில் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள் திணறின. 2019 இறுதியில் நாட்டில் நிலுவையில் இருந்த 2.31 கோடி கிரிமினல் வழக்குகளில் 35.16 லட்சம் செக் வழக்குகள் என்று அதே 2021-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் பதிவு செய்தது. சட்டம் ஒன்றைக் குற்றமாக்குவது சுலபம். அதை விசாரிக்க நீதிபதிகள் வேண்டும், அறைகள் வேண்டும், குமாஸ்தாக்கள் வேண்டும். அதற்கு யாரும் திருத்தம் கொண்டுவருவதில்லை.

ஜெர்மனிக்காரரிடம் இந்தச் செக் கதை எடுபடாது. அங்கே எல்.சி. எனப்படும் கடன் உறுதிக் கடிதம் வருகிறது. வாங்குபவரின் வங்கி, ‘குறிப்பிட்ட ஆவணங்களைக் காட்டினால் பணம் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுக்கிறது. வங்கி ஷூவைத் திறந்து பார்க்காது, காகிதத்தை மட்டும் பார்க்கும். கப்பல் ரசீதில் ஓர் எழுத்துப் பிழைக்காகப் பணம் நிற்பதைப் பற்றி ஏற்றுமதிக்காரர்களிடம் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

‘லிமிடெட்’ என்றால் என்ன?

இதுவும் ஒரு ஷூக்காரரின் கதைதான். லண்டன் வொயிட்சேப்பலில் ஏரன் சாலமன் என்பவர் பூட்ஸ் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தார். 1892-ல் தன் தொழிலை ஒரு கம்பெனியாக மாற்றினார். அன்றைய சட்டப்படி ஏழு பங்குதாரர் வேண்டும். அவர், மனைவி, ஐந்து பிள்ளைகள், சரியாக ஏழு. மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, மீதி இருபதாயிரத்துச் சொச்சம் பங்குகளும் அவருக்கே. அதோடு கம்பெனி தனக்கு 10,000 பவுன் கடன்பட்டிருப்பதாகவும், அந்தக் கடனுக்குக் கம்பெனிச் சொத்து ஈடு என்றும் எழுதிக்கொண்டார். சீக்கிரமே தொழில் நொடித்தது. சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பணம் வரவில்லை. ‘கம்பெனியாவது ஒன்றாவது, எல்லாம் சாலமன்தான், அவரே கடனைக் கட்டட்டும்’ என்று வழக்கு நடந்தது. கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றன. 1896-ல், அன்று அங்கே கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. முறைப்படி பதிவான பிறகு கம்பெனி என்பது தனி ஆள், அதன் கடன் அதனுடையது, சாலமனுடையது அல்ல என்று சொல்லிவிட்டது.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும் யாருக்கும் முதலில் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது. ஆனால் ‘பிரைவேட் லிமிடெட்’ என்ற இரண்டு வார்த்தைகளுக்கு அர்த்தம் இதுதான். நீங்கள் தனி ஆளாகவோ கூட்டு வியாபாரமாகவோ நடத்தினால், தொழில் கடனுக்கு உங்கள் வீடும் நகையும் பொறுப்பு. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, உங்கள் பார்ட்னர் தொழிலுக்காக வாங்கிய கடனை முழுக்க உங்களிடமே வசூலிக்கலாம். கம்பெனியில் அப்படி இல்லை, போட்ட முதல் போகும், வீடு மிஞ்சும். இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால், ஒரு தொழிற்சாலையின் பங்கை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கும் ஆசிரியரும் அந்தத் தொழிற்சாலையின் கடனுக்காகத் தன் வீட்டை இழக்க நேரிடும். அப்புறம் யார் பங்கு வாங்குவார்கள்? பெரிய முதலீடு திரட்டுவது இந்த ஒரு கற்பனை மேல்தான் நடக்கிறது. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் ஒரே ஒருவர் மட்டும் இருக்கும் கம்பெனியைக்கூட அனுமதிக்கிறது. சாலமன் இன்றிருந்தால் பிள்ளைகளைத் தொந்தரவு செய்திருக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் கம்பெனிக்கும் ஆளுக்கும் நடுவில் இருக்கும் இந்தத் திரை அவ்வளவு கனமானதும் இல்லை. சின்னக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி, டைரக்டர்களிடம் தனிப்பட்ட ஜாமீன் எழுதி வாங்கிக்கொள்கிறது. அதில் கையெழுத்துப் போட்ட நொடியில் ‘லிமிடெட்’ வங்கியைப் பொறுத்தவரை காலி. கம்பெனி கொடுத்த செக் திரும்பினால், அன்றைக்கு நிர்வாகப் பொறுப்பில் இருந்த டைரக்டர் மேலும் வழக்கு வரும். மோசடிக்காகவே கம்பெனியை நடத்தினால் நீதிமன்றம் திரையை விலக்கி ஆளைப் பிடிக்கும். ஆக, திரை முழுதாகப் பாதுகாப்பது யாரிடமிருந்து? ஜாமீன் கேட்கும் பலம் இல்லாதவர்களிடமிருந்து. அட்டைப்பெட்டி சப்ளை செய்தவர், லேஸ் கொடுத்தவர், கூலிக்குத் தைத்துக் கொடுத்தவர்.

நாற்பத்தைந்து நாள்

அந்தச் சின்ன ஆட்களுக்காகத்தான் 2006-ல் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்ற குறு, சிறு நிறுவனம் பொருள் தயாரித்தோ சேவை செய்தோ கொடுத்தால், வாங்கியவர் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். எவ்வளவு ஒப்புக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தராவிட்டால் வழக்குப் போட்டு அலைய வேண்டாம், வசதியாக்கக் கவுன்சில் என்ற அமைப்பிடம் போகலாம்.

காகிதத்தில் இவ்வளவு பலமான சட்டம் குறைவு. ஆனால் யார் போய்ப் புகார் கொடுப்பது? புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. உரிமை இருந்தும் அதைக் கேட்க முடியாத நிலை இது. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வேறு வழியில் வந்தது. சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராவிட்டால், தந்த வருடத்தில்தான் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்றது. அதாவது, பாதிக்கப்பட்டவர் வாயைத் திறக்காமலே, தாமதித்தவருக்கு வரி கூடும். பெரிய கம்பெனிகளின் ஆடிட்டர்கள் மார்ச் மாதத்தில் சின்ன சப்ளையர்களின் பில்லைத் தேட ஆரம்பித்தார்கள். ‘உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாதவரிடமே வாங்கிக்கொள்கிறோம்’ என்று நழுவியவர்களும் உண்டு. சட்டம் ஒரு பக்கம் அழுத்தினால் வியாபாரம் மறுபக்கம் பிதுங்கும். இருந்தாலும், பலவீனமானவர் புகார் கொடுத்தால்தான் இயங்கும் என்ற நிலையை மாற்றிய முயற்சி என்ற வகையில் எனக்கு இது பிடித்திருக்கிறது.

பேரத்தில் இல்லாதவர்கள்

தொழிலாளிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கட்டுரையே வேண்டும். 29 மத்தியச் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். இன்னும் சின்னதாக ஒன்று: கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் செய்தது. ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே புடவை விரிக்கும் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் கிடைப்பதற்குச் சட்டம் வேண்டியிருக்கிறது என்றால், பேரம் பேசி அவரால் அதை வாங்கவே முடியவில்லை என்று அர்த்தம்.

ஆற்றின் கதை இதைவிடப் பெரியது. தோலை முன்பு ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைச் சாறில் ஊறவைத்துப் பதப்படுத்தினார்கள். பிறகு வேகமாகவும் மென்மையாகவும் பதனாகும் குரோமியம் முறை பரவியது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. தோலில் இருந்த உப்பு, குரோமியம், மற்ற ரசாயனம் எல்லாம் அந்தத் தண்ணீரோடு வெளியே போக வேண்டும். எங்கே? வாய்க்காலுக்கு, வயலுக்கு, பாலாற்றுக்கு.

டேனரிக்காரர் தோலுக்குப் பணம் கொடுத்தார், ஆளுக்குக் கூலி கொடுத்தார், கரன்டுக்கு பில் கட்டினார். கெட்டுப்போன கிணற்றுக்கு மட்டும் யாரும் பில் அனுப்பவில்லை. அதனால் ஷூவின் விலையில் அந்தக் கிணறு சேரவில்லை. விலை குறைவாக இருந்ததால் ஜெர்மனிக்காரர் மகிழ்ந்தார், டாலர் வந்ததால் அரசும் மகிழ்ந்தது. பேரத்தில் இருந்த எல்லோருக்கும் லாபம். சந்தை தானாக இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் சந்தையில் இருப்பவர் யாருக்கும் நஷ்டமே இல்லை.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்ததைத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த அந்தத் தீர்ப்பு, இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் பேசும் யாரும் தாண்டிப் போக முடியாத ஒன்று.

அதில் இரண்டு கொள்கைகள் முக்கியம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது ஒன்று. பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுத்தால் போதாது, கெட்ட மண்ணையும் நீரையும் பழையபடி ஆக்கும் செலவும் அவருடையதே. முன்னெச்சரிக்கைக் கொள்கை இன்னொன்று. கேடு வரும் என்று ஐயமறத் தெரியாவிட்டாலும், வராமல் தடுக்கும் கடமை இருக்கிறது. என் தொழிலால் கேடில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் தொழிலதிபர்தான். சாதாரணமாகக் குற்றம் சாட்டுபவர்தான் நிரூபிக்க வேண்டும் அல்லவா? இங்கே அந்தச் சுமை இடம் மாறுகிறது. தன் கிணற்றில் குரோமியம் எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று ஒரு விவசாயி ஆய்வகம் வைத்து நிரூபிக்க முடியுமா?

அரசியலமைப்பில் இந்த வழக்கு எங்கே உட்காருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமை 19-வது பிரிவில் இருக்கிறது. பொதுநலனுக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. உயிர்வாழும் உரிமை 21-வது பிரிவில். நல்ல தண்ணீரும் காற்றும் இல்லாமல் உயிர்வாழ்தல் ஏது என்று நீதிமன்றம் கேட்டது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை தருகிறது, அதெல்லாம் சரிதான், அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை அதற்கு இல்லை என்று சொன்னது. வழக்கில் வந்த மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இல்லாமல் இயங்கத் தடை, நஷ்டஈட்டைக் கணக்கிட ஒரு தனி ஆணையம், சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று பசுமை அமர்வு என்று உத்தரவுகள் வந்தன.

இதற்கெல்லாம் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே இருந்தது. போபால் விபத்துக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், நோட்டீஸும் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒப்பந்தச் சட்டம் இயங்குவதற்குக் காரணம், தன் பணத்துக்காக ஓடும் ஒரு வியாபாரி அதன் பின்னால் இருக்கிறார். ஆற்றுக்கு அப்படி யாரும் இல்லை. சம்பளம் வாங்கும் ஓர் அலுவலர் கையெழுத்துப் போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை.

தீர்ப்புக்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, சில டேனரிகள் மூடப்பட்டன, நஷ்டஈடு கணக்கிடப்பட்டது. 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் பாலாறு மறுபடியும் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நஷ்டஈடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்று அது உத்தரவிட்டது. முதல் மனுப் போட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று வழக்குப் போட்டபோது நிலம் வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் இன்றும் அங்கே விவசாயம் செய்கிறார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாயிருக்கும்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

பிரிவு எண்களை வக்கீல் பார்த்துக்கொள்வார். கெடுவை நாம்தான் பார்க்க வேண்டும். நல்ல வழக்குகள் தோற்பதற்கு ஒரு பெரிய காரணம் நாள் கடந்து போவது. செக் நோட்டீஸுக்கு 30 நாள் என்று மேலே பார்த்தோம். வர வேண்டிய பாக்கிக்கு சிவில் வழக்குப் போட மூன்று வருடம். அதற்குள் கடன்பட்டவர் ‘இவ்வளவு பாக்கி இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம். ஆடிட்டர் வருடா வருடம் பாக்கி உறுதிக் கடிதம் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வாங்கிய ஷூ ஒரு மாதத்தில் வாய் பிளந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, நீங்களே வாதாடலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவசமாக வக்கீல் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு மட்டும்தான் வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். இல்லாவிட்டால் தாலுகா நீதிமன்ற வளாகத்துக்குள் போய், சட்டப் பணிகள் குழு ஆபீஸ் எங்கே என்று கேளுங்கள்.